குளத்தூருக்குப் போகாத கார்

ஐப்பசியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கோகுலகிருஷ்ணன் சொந்தக் காரில்தான் வந்து இறங்குவார் என்று புதூர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேச்சைக் கிளப்பியது வேறு யாருமில்லை, அவரேதான். கோவில்பட்டியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். செகண்ட் ஹேண்டில் ஒரு பியட் வாங்கியும் சொந்தபந்தம் கண்ணில் காட்டவில்லை என்றால் அந்தக் கார் எதற்கு? அக்கா பானு, ஊர் எல்லையிலேயே மேளத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள்.

காரில் ஒரே ஒரு கோளாறு. எஞ்சினில் கடகடவென்று சத்தம். அதைப் போட்டதும் அவரேதான்.

ஆவணியில் குளத்தூரில் மச்சினன் யோகராஜ் வீட்டுப் பால்காய்ப்பு. காரில் போனால் மச்சினன் சாவி கேட்பான். கொடுத்தால் கார் திரும்பி வரும், பெட்ரோல் வராது. எனவே இரண்டு சோடாக் கோலிகளை முன்சக்கரத்து வீல் கப்புக்குள் போட்டு மூடினார். தெருமுனை வரைக்கும் ஓட்டிக் காட்டினார்.

"கேட்டியாட்டி? பிஸ்டன் போச்சு. இதுல தூரந்தொலை போனா நடுரோட்டுல வெடிச்சிரும். உசுரு முக்கியமா, பால்காய்ப்பு முக்கியமா?"

மனைவி சத்தியபாமா, தம்பிக்கு வாங்கிய குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள்.

ஆயுத பூசைக்குக் காரைத் துடைத்துக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்ததும் அவள்தான். "என்னா பக்தி!" என்று கட்டிலில் படுத்தபடியே மெச்சினார் கோகுலகிருஷ்ணன்.

காதுகுத்தன்று காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கோலிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெக்கானிக் நேத்தே சரிபண்ணிட்டாம்ட்டி. ஏறு, போவோம்."

சீர்த்தட்டுகளை ஏற்றிக் கிளம்பினார்கள். எட்டயபுரம் ரோட்டில் திரும்பியதும் கேட்டது. கடகட, கடகட.

கோகுலகிருஷ்ணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன அநியாயம் இது! சத்தத்தை எடுத்துப் பையில் போட்டாயிற்றே! தொட்டுப் பார்த்தார். இரண்டும் இருந்தன. அப்படியானால் இது யார் வீட்டுச் சத்தம்?

ஓரங்கட்டினார். பானெட்டைத் திறந்தார். டிக்கியைத் திறந்தார். சீட்டுக்கு அடியில் தலையை விட்டார். வெல்லம், வாழைப்பழம், வெற்றிலை எல்லாம் ரோட்டில் இறங்கின. புதுச்சட்டை கறுத்ததுதான் மிச்சம்.

"மெக்கானிக் சரிபண்ணிட்டான்னீய?"

"களவாணிப்பய! என்னத்தப் பார்த்தானோ!"

"அவனை ஏன் வையுதீய? பிஸ்டன் போனா அவன் என்ன செய்வான்?"

"பிஸ்டனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! எஞ்சின் கல்லு மாதிரி இருக்குட்டி!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோகுலகிருஷ்ணன் மெல்லப் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார்.

"அங்கன என்னத்தத் தடவுதீய? சத்தம் எஞ்சின்லன்னுதானே சொன்னீய?"

"எஞ்சின்லதான்."

"அப்ப எந்திரிங்க. பஸ் வருது."

"அங்க மேளம் நிக்குட்டி! மெதுவா ஓட்டிட்டுப் போயிருவோம்."

"நடுரோட்டுல வெடிச்சிரும்னு சொன்ன வாயிதானே? உசுரு முக்கியமா, காதுகுத்து முக்கியமா?"

ஒரு டீக்கடை ஓரத்தில் காரை விட்டுவிட்டு, கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினார் தாய்மாமன்.

உட்கார ஒரே இடம்தான் இருந்தது. அதில் சத்தியபாமா உட்கார்ந்தாள். சீர்த்தட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார் அவர்.

"அண்ணாச்சி, வாழைப்பழம் முகத்துல இடிக்கி, கீழ இறக்குங்க" என்றார் கண்டக்டர்.

புதூரில் இந்நேரம் மேளக்காரர்கள் காரை எதிர்பார்த்து நிற்பார்கள். உழைத்துச் சம்பாதித்த காரில் எவன் வந்து சத்தத்தைப் போட்டான்? கேட்க ஆளில்லையா?

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் சட்டைப் பை கடகடவென்றது.

சத்தியபாமா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க கோலி பையிலயா இருக்கு?" என்றாள். "என்னோடது பின்சக்கரத்துல கெடக்கு. குளத்தூருக்குப் போகையில எடுத்துக்கிடுவோம்."