பவுடர் பொய் சொல்லாது

புதுச்சேரியில் ஒழுகியவற்றில், மேகத்தைத் தவிர, பவுடர் என்று ஊர் அழைத்த மெக்கானிக் தொட்டுப் பார்க்காதது எதுவுமில்லை. தண்ணீர்த் தொட்டி, டீசல் பீப்பாய், ஆட்டோவின் கியர் பெட்டி, ஒரு கல்யாண வீட்டின் பாயச அண்டா ஆகிய யாவும் அவர் கையால் முகப்பவுடர் பூசிக்கொண்டவை. பந்தியில் இலை போட்ட பிறகு அண்டாவின் அடியில் அவர் பவுடர் தூவியதைக் கண்டு பெண் வீட்டார் கூச்சலிட்டார்கள். அவர் அசையவில்லை.

"இன்னாத்துக்கு கத்தறீங்க? பொண்ணு மூஞ்சில போட்டா குறைய மறைக்கும். அண்டால போட்டா குறைய காட்டும். ரெண்டும் ஒரே பவுடருதான்."

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. ரெட்டியார்பாளையத்தில் பெயர்ப்பலகை இல்லாத பட்டறை, காக்கிச் சட்டை, சட்டைப் பையில் பவுடர் டப்பா. கிரீஸ் நாற்றமும் மல்லிகை வாசனையும் ஒருங்கே வீசிய மெக்கானிக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் முறை எளியது. ஒழுகும் பொருளைத் துடைப்பார், உலர்த்துவார், பவுடர் தூவுவார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் பார்ப்பார். நாற்காலி தந்தால் மறுப்பார். "நாற்காலில உக்காந்தா தூக்கம் வந்துடும் சார். ஆபீசருங்கள பாக்கறோம் இல்ல?" மனிதன் பொய் சொல்வான், மீட்டர் பொய் சொல்லும், பவுடர் மட்டும் பொய் சொல்லாது என்பது அவருடைய மதம்.

அந்த மதத்துக்கு எங்கள் சங்கம் மாறிய வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன்.

சுனாமிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், ஓய்வு பெற்ற நாங்கள் பன்னிரண்டு பேர், ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரின் விசைப்படகை வாங்கிச் சங்கம் அமைத்தோம். தலைவரைக் கர்னல் என்போம். பிரெஞ்சு ராணுவத்தின் சமையற்கூடத்தில் சார்ஜெண்டாக ஓய்வு பெற்றவர். மிச்சப் பதவி உயர்வுகளை நாங்கள் வழங்கினோம். நான் செயலாளர். கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவன் என்பதால் படகின் கையேட்டைப் படிக்கும் பொறுப்பும் என்னுடையதாயிற்று.

படகின் பின்புறம், நீர்மட்டத்தில், இரண்டு எஃகுத் தகடுகள் இருந்தன. பொத்தானை அமுக்கினால் எண்ணெயின் அழுத்தத்தில் ஓர் உருளையிலிருந்து பளபளப்பான தண்டு நீண்டு தகட்டைக் கீழே தள்ளும். தகடு தாழ்ந்தால் படகின் மூக்கும் தாழும். அலைகளின் மேல் அறைந்து அறைந்து போகாமல் படகு வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் அதற்கு வால்தகடு என்று பெயரிட்டோம்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பிறகு இடது வால்தகடு கீழே நிற்க மறுத்தது. எண்ணெய் ஊற்றினோம். குறைந்தது. மீண்டும் ஊற்றினோம். மீண்டும் குறைந்தது.

சங்கத்துக்கு வால்தகடு ஓர் ஆடம்பரம். என் மனைவிக்கு அப்படியல்ல. அவளுக்கு முதுகெலும்பில் நோய் கண்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் சென்னையில் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரே ஒருமுறை படகில் போக வேண்டும் என்றாள். "நாப்பது வருசமா கரையில இருந்து கடலைப் பாத்தாச்சு. ஒரு தடவை கடல்ல இருந்து கரையப் பாத்துடறேனே." குலுங்காமல் போகுமென்றால் போகட்டும் என்றார் டாக்டர். குலுங்காமல் போவது அந்த இடது தகட்டின் கையில் இருந்தது.

சங்கம் தன்னாலியன்றதைச் செய்தது, அதாவது, கூடியது. எண்ணெய் எங்கே போகிறது என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தது. துணைக்குழு படகைச் சுற்றி வந்து பம்புதான் குற்றவாளி என்றது. படகின் பின்புறத்தில் சிவப்பாக வழிந்திருந்த கோடுகளை எல்லோரும் கண்டோம். அந்த எண்ணெய் சிவப்பு நிறம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆயுத பூஜையன்று குருக்கள் அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பியிருந்தார். "குங்குமம் கரையுது. நல்ல சகுனம், முசியே!" என்றார் கர்னல். அந்தக் கோடுகளை யாரும் அழிக்கக் கூடாது என்று தீர்மானமே போட்டோம். ஓர் ஒழுகலுக்கு இத்தனை மரியாதை செய்த சங்கம் வேறு இருந்திராது.

இன்னொரு தீர்மானமும் போட்டோம். குற்றம் யாருடையது என்று விசாரணை முடியும்வரை படகு நீரில் இறங்கக் கூடாது. எங்கள் விசாரணை எதுவும் ஆறு மாதத்துக்குள் முடிந்ததில்லை. அறுவை சிகிச்சைக்கோ பன்னிரண்டு நாட்களே இருந்தன.

அப்போதுதான் பவுடரை அழைத்தேன்.

படகு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு கொட்டகையில் நின்றது. என் மனைவியும் வந்து தலையணை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பவுடர் வாளி கேட்டார். பிறகு ஒரு துணியால், நாங்கள் தீர்மானம் போட்டுக் காத்த குங்குமத்தை ஒரே இழுப்பில் துடைத்தெறிந்தார். கர்னல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

வலது தகட்டைச் சோதித்து முடித்ததுமே பவுடரின் டப்பா காலியானது. என் மனைவி கைப்பையிலிருந்து தன்னுடையதை நீட்டினாள்.

"மதாம், இது ஒஸ்தி சரக்காச்சே!"

"பரவால்லண்ணே, போடுங்க. எல்லா ஒழுக்கும் இதுல தெரிஞ்சிடுமா?"

"வெளிய ஒழுவறது தெரியும் மதாம். உள்ளாற ஒழுவறதுக்கு பவுடரு ஒண்ணும் பண்ணாது. எதிர்ல உக்காந்து பாத்துக்கினே இருக்கணும். அது ஒண்ணுதான் வழி."

இடது உருளை, குழாய், மூட்டு என்று எல்லாம் வெள்ளையாயின. பொத்தானை அமுக்கச் சொன்னார். தகடு இறங்கியது, ஏறியது, இறங்கியது. தண்டு வெளியே வரும் வாயில் வெண்மை மெல்ல ரோஜா நிறமாயிற்று.

"பாருங்க மதாம், வெக்கப்படுது!"

அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பவுடர் தண்டைத் துடைத்து, நகத்தால் நீளவாக்கில் மெல்லத் தடவினார். நகம் தடுக்கியது. மீண்டும் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்று கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரி சொன்னது. பூஜைக்கு மறுநாள் நான் தனியே வந்து, தண்டில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தெடுத்தேன். மெல்லிய துணியைத் தவிர வேறெதுவும் படக் கூடாது என்பது முப்பத்திரண்டாம் பக்கத்தின் முதல் வரி. சங்கத்தில் அக்கையேட்டைப் படித்தவன் நான் ஒருவனே. படகைக் கெடுத்தவனும் நான் ஒருவனே. நான் கீறிய தண்டு, ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை அறுத்திருக்கிறது.

"யாருய்யா கீறினது?" என்று கர்னல் முழங்கினார். "பேரைச் சொல்லு. இன்னைக்கே விசாரணை."

வாய் திறந்தால் விசாரணை. விசாரணை என்றால் படகு இல்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கரையில் நின்ற படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணலு," என்றார் பவுடர்.

"மணலா?"

"மணலுதான் கர்னல். மழைக் காத்துல பறந்து வந்து கீறிகிச்சி. மணலை இட்டாந்து நிக்க வெச்சி விசாரிப்பீங்களா?"

கர்னல் சிந்தித்தார். மணலை விசாரிக்க விதிகளில் இடமில்லை. காரணம் மணல் என்று என் கையாலேயே பதிவேட்டில் எழுதினேன்.

எல்லோரும் நகர்ந்ததும் பவுடர் என் காதருகே வந்தார்.

"கம்பி நாரா சார்?"

"ஆமாம்."

"பவுடரு பொய் சொல்லாது. நான் சொல்வேன்."

பிறகு மூன்று நாட்கள் வேலை. மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, தண்டைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, நகம் தடுக்காத வரை வழவழப்பாக்கினார். ஆட்டோ பிரேக்கின் ரப்பர் போதாதா என்று கர்னல் யோசனை சொன்னார். "அது இந்த எண்ணெய்ல ஊறி ஆப்பமாட்டம் உப்பிடும் கர்னல்" என்று மறுத்துவிட்டு, வில்லியனூர் சாலையின் லாரிப் பட்டறைகளில் அலைந்து, அதே சிவப்பு எண்ணெயில் ஓடும் ஸ்டியரிங்கின் ரப்பர் வளையம் ஒன்றைத் தேடிக்கொண்டுவந்தார். எண்ணெய் நிரப்பினார். தொட்டியில் குமிழிகள் ஓயும்வரை தகட்டை ஏற்றி இறக்கினார். இறுதியாக என் மனைவியின் பவுடரை மீண்டும் தூவி, வாளியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

தை மாதத்துக் காலை ஒன்றில் போனோம். கடல் அமைதியாக இருந்தது. படகை ஓட்டிய பவுடர், இன்ஜின் மூடியின் மேல் தன் டப்பாவை நிமிர்த்தி நிறுத்திவைத்து, "இது சாஞ்சா படகை திருப்பிடறேன் மதாம்" என்றார். கலங்கரை விளக்கம் வந்தது, காந்தி சிலை வந்தது, கடற்கரைச் சாலை முழுவதும் வந்து போயிற்று. டப்பா சாயவில்லை.

"நம்ம ஊரு இவ்ளோ சின்னதாங்க?" என்று கேட்டாள்.

சென்னையிலிருந்து அவள் திரும்பவில்லை.

காரியம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பவுடர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். வேண்டாமென்று கிணற்றடியிலிருந்த வாளியை எடுத்துவந்து, எனக்கு எதிரே கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வர்றேன் சார்" என்று எழுந்து போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். ஆண்டுகள் பல சென்றும் அவர் நிறுத்தவில்லை.

சென்ற மாதம் அவர் காலமானார். போன ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்குச் சற்று முன், நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.