தௌலெத்தோட முதுகு

கேமராவுல கார்டு இல்ல.

தௌலெத் மூடியத் திரும்பவும் தெறந்து பாத்தான். காலி. கார்டு கார்ல, லேப்டாப்புல சொருகினபடியே கெடக்கு. இந்தப் பாழாப்போன கேமரா கார்டு இல்லாமலே டிக் டிக்னு அடிக்கும். ஓரத்துல எறும்பு சைஸ்ல ஒரு எச்சரிக்கை காட்டும், அத எவன் பாத்தான்?

போனதும் சாதாரணப் படமா? முக்காடு விலக்குற படம்! பாட்டுக்காரர் ஒராஸ் ரெண்டு கம்பித் தோம்ப்ராவ மீட்டிப் பாடி, கல்யாணப் பொண்ணு ஜாஸிராவோட முக்காட்ட விலக்க, மாப்ள வீட்டு ஜனம் மொத மொதலா அவ மொகத்தப் பாத்த நிமிஷம். பொண்ணப் பெத்தவங்க அதுக்கு வரக்கூடாது, வழக்கம் அப்படி. அதனால ஜாஸிரா காலைலயே கெஞ்சியிருந்தா.

"அண்ணா, அந்த ஒரு படத்த மட்டும் இன்னைக்கே தாராஸ்ல இருக்குற அம்மாவுக்கு அனுப்பிடுங்க. அழுதுக்கிட்டே கேட்டாங்க."

நம்பரும் குடுத்திருந்தா.

தௌலெத் மாப்ளயோட அம்மா குல்ஷாராகிட்ட ஓடினான்.

"அக்கா, வெளிச்சம் சரியில்ல. முக்காட்ட இன்னொரு தடவ போட்டு எடுத்துடலாமா?"

"இன்னொரு தடவயா? என் மருமக இன்னொரு கல்யாணம் பண்ணிக்கணும்ங்கறியா? வாயக் கழுவு!"

சரின்னு விருந்தாளிங்க போனெல்லாம் வாங்கிப் பாத்தான். எல்லாத்துலயும் படம் இருந்துச்சு. நல்ல தெளிவா, நட்டநடுவுல, தௌலெத்தோட முதுகு.

"நாலு கஜ முதுகு தம்பி உனக்கு"ன்னார் மாப்ளயோட பெரியப்பா. "பொண்ண நீ ஒருத்தன்தான் பாத்த."

சமோவார் பக்கத்துல டீ ஊத்திக்கிட்டிருந்த பொம்பள ஒரு கிண்ணத்த நீட்டினா. சளியாம், மாஸ்க்கும் தலைத்துணியுமா கண்ணு மட்டும் தெரிஞ்சுது.

"எதுக்குப் பதறுற? டீயக் குடி."

"நீங்க வேறக்கா! முக்காடு விலக்கறப்போ தட்டோட வந்து இடிச்சது நீங்கதான? தள்ளுங்க."

ஆட்டுப்பட்டிக்குப் பின்னாடி ஒராஸ வளைச்சுப் புடிச்சான்.

"அண்ணே, முக்காட்ட நீங்க போட்டுக்குங்க. குனிஞ்சாப்ல எடுத்துட்டு, ஜாஸிரா மொகத்த கம்ப்யூட்டர்ல ஒட்டிடறேன்."

"ஊரு முக்காட்டையெல்லாம் விலக்கினவன்டா நான்!"

"அதான்ணே, அனுபவம் பேசும்."

ஒராஸ் வெள்ள முக்காட்டோட குனிஞ்சு நின்னார். அந்நேரம் பாத்து பெரியப்பா அந்தப் பக்கம் ஒதுங்க வந்தார். அட, இன்னொரு மருமகளா! வழக்கத்த விடுவாரா மனுஷன்? மொகம் பாக்குற காசா ஒரு நோட்ட ஒராஸ் கையில திணிச்சுட்டு, கைத்தடியால முக்காட்டத் தூக்கினார்.

மீசை.

பெரியப்பா போட்ட கூச்சல்ல மொத்தப் பந்தியும் எந்திரிச்சு வந்துச்சு. குல்ஷாரா கரண்டியோட வந்தா.

"காசத் திருப்பிக் குடுடா!"ன்னார் பெரியப்பா.

"மொகத்தப் பாத்தீங்கல்ல? பாத்த காசு திரும்பாது"ன்னார் ஒராஸ், மீசையத் தடவிக்கிட்டே.

எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. ஜாஸிராவும் சிரிச்சா. சிரிச்சுட்டு, மெதுவா அவன் பக்கத்துல வந்தா.

"அண்ணா, அம்மாவுக்கு அனுப்பிட்டீங்களா? போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறாங்க. கோவமோ என்னமோ."

தௌலெத் "இதோ"ன்னு சொல்லிட்டு சமோவார் பக்கமா ஒதுங்கினான். இனிமே மறைக்க முடியாது. அந்தம்மாகிட்டயே உண்மையச் சொல்லி, திட்டு வாங்கிக்க வேண்டியதுதான். நம்பர அழுத்தினான்.

பக்கத்துலயே மணியடிச்சுது. டீ ஊத்துற பொம்பளயோட ஏப்ரன் பாக்கெட்டுல.

அவ அவசரமா அதை அமுக்கிட்டு, அக்கம்பக்கம் பாத்து, மாஸ்க்கக் கீழ எறக்கினா. அந்த மூக்கு, அந்தக் கன்னக்குழி. காலைலேர்ந்து அவன் போகஸ் பண்ணிக்கிட்டிருந்த அதே மொகம், இருபத்தஞ்சு வயசு கூட.

"கத்திடாத தம்பி, சம்பந்தியம்மா காதுல விழுந்துடப் போகுது. உன் முதுகு மறைச்சுதேன்னுதான் அப்ப இடிச்சேன்... எம்பொண்ணு மொகத்த நல்லாவே பாத்துட்டேன்."