கல்லறைக்கு வைத்த மொய் விருந்து

நல்ல காரியம் செய்யக் கிளம்புகிறவன் மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

சமஸ்தான காலம். அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில், அந்தக் காலத்துப் பாதிரிச் சாமியார்கள் கட்டிய இரண்டு சின்னக் கோவில்கள் இருந்தன. ஒரு புயலில் இரண்டுக்கும் கூரை போயிற்று. அந்தச் சமயம் புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்த எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், "அடுத்த தடவை வரும்போது கூரை இல்லாவிட்டால் மூடிவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியாரம்மா ஞானம்மாள்தான் வழி சொன்னார். ஒரு கோவிலில் அடக்கச் செபம், இன்னொன்றில் பள்ளிக்கூடம். "பிள்ளைங்க பேய்க்குப் பயப்படாதுங்க. கணக்குக்குத்தான் பயப்படும்" என்றார். (பின்னாளில் இவர் என்னையே கட்டிக்கொண்டார். அவருக்கும் அப்போது மூளை சரியில்லை போலும்.)

கூரைக்குப் பணம்? பள்ளி இறுதி வரை படித்த திமிரில், "மொய் விருந்து வைப்போம்" என்றேன். எங்கள் பக்கத்தில் பணமுடை வந்தவர் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். பிறகு அவரவர் வீட்டு விசேஷத்தில் விருந்து வைத்தவர் அதைத் திருப்பிச் செய்துவிட வேண்டும்.

கல்லறை மதிலை ஒட்டிப் பந்தல் போட்டோம். ஊரே வந்தது. ஊரிலேயே அதிக நிலமுள்ள சம்சாரி சவரிமுத்து மாமா முதல் மொய்க்கு மடியை அவிழ்த்தார்.

"யாரு பேருக்குப்பா எழுதணும்?"

"கல்லறைக் கோவில் பேருக்குத்தான் மாமா."

"அப்ப எனக்கு யாரு திருப்பிச் செய்வா?"

"கல்லறைதான் செய்யும்" என்றேன். (நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னேன்.)

மாமா மடியை இறுக்கிக் கட்டினார். "எந்த விசேஷத்துக்கு?"

கல்லறை ஒருவருக்குச் செய்யக்கூடிய விசேஷம் ஒன்றுதானே. தின்றுகொண்டிருந்தவர்கள் எலும்பை இலையில் வைத்தார்கள். "எங்க மாமனாருக்கு ஏற்கெனவே இழுத்துக்கிட்டு இருக்கு. நாங்க வாரோம்" என்று ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பந்தல் ஓரத்தில் நின்ற ஞானம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "என் பேருக்கு எழுதுங்க. எல்லாருக்கும் நானே செய்யிறேன்."

"ஒனக்கு வேலை இருக்காப்பா?"

"கெடைச்சிரும் மாமா."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறைதான். "எளவட்டம். ரொம்ப நாள் தாங்குவான். எழுதுங்க" என்றார்.

மழைக்கு முன்பே கூரை ஏறியது. இன்ஸ்பெக்டர் வந்தபோது பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் பிழைத்துவிட்டது. என் பிழைப்புதான் போயிற்று. குமாஸ்தா வேலை கிடைத்த நாளிலிருந்து சம்பளத்தில் பாதி காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குமே சரியாக இருந்தது. என் கல்யாணத்துக்கு, "ஒனக்குத்தான் முன்னாடியே செஞ்சாச்சே" என்று ஊரே வெறுங்கையோடு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனது.

இன்றைக்கும் நான் காய்ச்சலென்று படுத்தால் பிள்ளைகள் டாக்டரைத் தேடி ஓடுவார்கள். ஞானம்மாள் மட்டும் அசையமாட்டார். "எதுக்கு இப்புடிப் பதறுறீங்க?" என்பார். "சவரிமுத்து மாமா வீட்டு மொய் இன்னும் பாக்கி இருக்கு. அதுக்குள்ள ஊரு இவரைப் போக விட்டுருமா?"