சதுரடிக் கணக்கில் நிழல் கேட்ட கொத்தனாரக்கா

சூரியனுக்கே எஸ்டிமேட் போட்டு நிழல் கேட்ட ஆள் காரைக்குடி வட்டாரத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கொத்தனாரக்காதான். நாமெல்லாம் வெயிலைத் திட்டிவிட்டு ஃபேனைப் போட்டுக்கொள்கிற ஜாதி. அக்கா அதை அளந்தார்.

அவருடைய நிஜப் பெயர் ஆதார் அட்டைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார். சாக்கோட்டைப் பக்கம். இருபது வருஷம் சித்தாளாகச் செங்கலும் சாந்தும் சுமந்தவர். ஒருநாள் கோட்டையூரில் ஒரு வீட்டு வேலைக்குக் கொத்தனார் வரவில்லை. மச்சான் கல்யாணத்தில் விருந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டாராம். அக்கா தலைச்சுமையை இறக்கிவைத்தார், கரண்டியைக் கையில் எடுத்தார், சாயங்காலத்துக்குள் சுவரை எழுப்பிவிட்டார். மறுநாள் வந்த கொத்தனார் சுவர் நேர்தானா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு நூல்கூடச் சாயவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து யாராவது சித்தாளு என்று கூப்பிட்டால் அக்காவுக்குக் காது கேட்காது.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு மாடி அலுவலகத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். பருவநிலை மாற்றத்தால் அடிபடுகிற பெண்கள், தங்களுக்கு என்ன வேண்டுமென்று தாங்களே முடிவு செய்து கேட்டால், அவர்களுடைய குழுவுக்குச் சின்னதாக ஒரு நிதி கிடைக்கும். கொடுப்பவர்கள் சென்னையில் இருந்தார்கள். கேட்பவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

அக்கா முதல் தடவை வந்தபோது கூடவே பதினாலு பெண்கள், எல்லாரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில் தொங்கவிட்டார். மூன்று நூல், அரை அங்குலம்கூட இல்லை, சாய்கிறதாம். இந்தச் சுவருக்கடியில் ஒரு மனுஷி உட்காரக் கூடாதென்று சொல்லிப் பதினாலு பேரும் ஆளுக்கொரு கை பிடித்து என் மேஜையை எதிர்மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மூலைக்கு ஃபேன் காற்று வராது. இன்றுவரை அந்தச் சுவரும் விழவில்லை. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் உண்டு.

விண்ணப்பத்தில் முதல் கேள்வி, வெயிலும் மழையும் மாறிப்போனது உங்களை எப்படிப் பாதிக்கிறது என்பது. பதிலெழுத ஒன்றரைப் பக்கம் விட்டிருந்தார்கள். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"எழுதிக்க தங்கச்சி. வெயிலு வருசா வருசம் ஏறுது. தண்ணி குடிச்சா ஒதுங்கணும். ஆம்பளைகளுக்குச் செவத்தோரம் போதும், நாங்க எங்குட்டுப் போறது? அதனால குடிக்கிறதில்ல. அம்புட்டுத்தான்."

மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. இன்னும் ஏதாவது சொல்லுங்களேன் என்றேன். பின்னால் நின்ற முத்துலட்சுமியை இழுத்து என் முன்னால் நிறுத்தினார். முப்பது வயசுகூட இருக்காது. போன கோடையில் சாந்துச்சட்டியோடு சுருண்டு விழுந்தவள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே இருந்தால் சிறுநீரகம் ரெண்டும் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ரெண்டு பிள்ளைகள், சம்பாதிக்கிறது இவள் ஒருத்தி. அதனால் மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள், அதே மாதிரி தண்ணீர் குடிக்காமல். இவளைத்தான் எழுத வேண்டும் என்றார் அக்கா. எழுதினேன்.

அவர்கள் கேட்டது, வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் இழுத்துப் போகிற மாதிரி ஒரு கழிப்பறை, கூடவே மத்தியானம் உட்காரத் தார்ப்பாய் நிழல். எவ்வளவு நிழல் என்று விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அக்கா எங்கள் மொட்டைமாடிக்குப் போனார். ஒரு தார்ப்பாயைக் கட்டி, காலையிலிருந்து மணிக்கொரு தரம் நிழல் விழுகிற இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டார். பதினாலு பேரையும் வரிசையாகப் படுக்கவைத்து, ஆளுக்கு எத்தனை சதுரடி என்று டேப் பிடித்தார். என்னையும் படுக்கச் சொன்னார். உடம்பு கூடினவர்கள் கணக்கும் வேண்டுமாம். படுத்தேன், என்ன செய்ய. அந்தக் கணக்கு வரைபடத்தோடு சென்னைக்குப் போனது.

நேரில் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். நல்ல மனுஷி, கைத்தறிச் சேலை, கையில் நோட்டு. உச்சிவெயிலில் வேலை நடக்கிற இடத்துக்கே கூட்டிப் போனோம். பெண்களின் அனுபவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். சொல்லி முடிக்கவில்லை, அக்கா அவர் தலையில் சும்மாட்டை வைத்துச் சாந்துச்சட்டியைத் தூக்கி வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மேடம் ரெண்டு நடை நடந்தார், உட்கார்ந்தார், ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கால்மணி நேரம் கழித்து என் காதோரம் வந்து, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டார். அக்காவுக்குப் பாம்புச் செவி.

"அதத்தான் மேடம், நாங்களும் கேட்டு எழுதியிருக்கோம்."

நிதி கிடைத்துவிட்டது.

இனிமேல்தான் கூத்து. இழுத்துப் போகிற கழிப்பறை என்றால் நீங்களும் நானும் தகரத்தை நினைப்போம். இவர்கள் கட்டடக்காரர்கள். ஒரு பழைய டயர் மாட்டுவண்டியை வாங்கி, அதன்மேல் சிமெண்டுக் கல் அடுக்கி, நாலு சுவர் எழுப்பி, மேலே தளமும் போட்டுவிட்டார்கள். சுவருக்குச் செட்டிநாட்டுப் பூச்சு, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். தரைக்கு ஆத்தங்குடிக் கல். எங்கள் வீட்டுக் குளியலறைகூட அப்படி இருக்காது. தகரம் போதுமே என்று நான் இழுத்ததற்கு, தகரத்தில் செய்தால் கொத்தனாரக்கா கட்டியதென்று நாலு பேர் சொல்வார்களா என்று அக்கா கேட்டார்.

டிராக்டரில் பூட்டி, மாலை போட்டு, தேர் மாதிரிக் கிளம்பினோம். காலையில் கூலியாட்கள் நிற்கிற முக்கு வரைக்கும்தான் போனோம். டமார் என்றது. அச்சு முறிந்து, கட்டடம் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் டவுன் பஸ். டிரைவர் தலையை நீட்டி, வீட்டைக் கட்டி ரோட்டில் விட்டிருக்கீகளே என்றார். நாலு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் முத்துலட்சுமி முகத்தைப் பார்த்தேன். கத்திரி வெயில் ஆரம்பிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தார். எந்த அச்சைப் போட்டாலும் இந்தப் பாரம் தாங்காது என்று கையை விரித்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர், ஓரமாகத் தள்ளி இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் கூடுகிற முக்குதானே என்று யோசனை சொன்னார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அக்காவின் பூச்சும் பிழைக்கும்.

அக்கா கூட்டத்தை விலக்கினார். போய் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு சம்மட்டி கேட்டார்.

"இங்குட்டு நின்னா காலையில ஒரு மணி நேரத்துக்கு ஆகும். உச்சிவெயில்ல முத்துலட்சுமி எங்கருந்து ஓடியாருவா? தப்பு எந்தப்புத்தான். எம் பேருக்குக் கட்டிப்புட்டேன், இவளுக்குக் கட்டல."

முதல் அடியை அவரே அடித்தார். இத்தனை வருஷத்தில் தான் கட்டிய எதையும் இடித்துப் பார்க்காத மனுஷி. கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கவும் இல்லை, கையை நிறுத்தவும் இல்லை. மற்ற பெண்கள் கடப்பாரையோடு சேர்ந்துகொண்டார்கள். பஸ் டிரைவரும் இறங்கி வந்து கல் பொறுக்கினார். மாலைக்குள் ரோடு சுத்தம்.

நிதியில் மிச்சமிருந்ததை வைத்து, மூன்றே நாளில் வெல்டிங் கடையில் தகரக் கழிப்பறை தயாரானது. புது அச்சு, கீழே தொட்டி, மேலே தண்ணீர் டிரம், பக்கத்தில் விரிக்கத் தார்ப்பாய். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஒரே ஆள் தள்ளினால் நகர்ந்தது.

கத்திரி பிறந்து நாலாம் நாள் கோட்டையூருக்குப் போனேன். உச்சிவெயில். தார்ப்பாய் நிழலில் முத்துலட்சுமி உட்கார்ந்து, ஒரு பெரிய சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். சாரத்தின் மேலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, இன்னொரு சொம்பு குடிக்கச் சொல்லி அதட்டினார். குடித்தாள்.

வருஷக் கடைசியில் சென்னைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நிதியால் என்ன மாற்றம் ஏற்பட்டது என்று கேட்டு ரெண்டு பக்கம் இடம் விட்டிருந்தார்கள். "முத்துலட்சுமி தண்ணீர் குடிக்கிறாள்" என்று எழுதி அனுப்பினேன். மேடம் வேறெதுவும் கேட்கவில்லை.

கொத்தனாரக்காவைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அதனால்தான் இங்கே எழுதினேன்.