தர்மர் இருக்க, பீமன் ராஜா

பீமன் தன்னை ராஜா என்று அறிவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராமசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திரையின் அடியில் அதே வரிதான் இருந்தது: ‘தலைவர்: பீமன்.’

“யோசுவா! இங்க வா. நான் பாக்கறதைத்தான் நீயும் பாக்கறியா?”

உதவி இன்ஜினியர் யோசுவா பாறசாலைக்காரன். எதற்கும் பதறமாட்டான், அதனாலேயே மற்றவர்களைப் பதற வைப்பான். எட்டிப் பார்த்துவிட்டு, “பீமனாக்கும் சாரே” என்றான்.

“தர்மர் குத்துக்கல்லாட்டம் இருக்கறச்சே இவன் எப்படிடா தலைவர்?”

“அதைத்தான் நானும் ஆலோசிக்கேன்.”

பீமன் ஒரு கம்ப்யூட்டர். தர்மர், அர்ஜுனன், நகுலன், சகாதேவன் எல்லாரும் கம்ப்யூட்டர்கள்தான். பங்குனி உற்சவத்தின்போது கோயிலின் கிழக்கே நடை வாசலில் நிறுத்தி வைக்கும் பாண்டவர் பொம்மைகளை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர் ராமசுப்ரமணியன். ஐந்து யந்திரங்களைக் கையில் கொடுத்தபோது அவருக்கு வேறு பெயர் தோன்றவில்லை. வழுதக்காட்டில் ஆராய்ச்சி நிலையத்துக்காக வாடகைக்கு எடுத்த பழைய பங்களாவில் தம்பிகள் நான்கு பேரும் லாபில் இருந்தார்கள். தர்மர் மட்டும் தாழ்வாரத்தின் மறுகோடியில், டைரக்டரின் அறையில். டைரக்டர் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால்தான் வருகிறவர்கள் மரியாதை தருகிறார்களாம்.

ஐந்தையும் ஒரே கேபிள் மாலைபோலச் சுற்றிக் கோத்திருந்தது. யாராவது ஒருவர் படுத்துவிட்டால் கேபிள் அவரைத் தாண்டிப் போய்விடும். தர்மர் தலைவர், பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு போட்டுத் தம்பிகளுக்குப் பங்கு கொடுப்பார். தர்மரே செத்துப்போனால் மிச்சமிருப்பவர்கள் தங்களுக்குள் பேசி, மூத்தவனைத் தலைவனாக்கி, கணக்கைத் தொடர வேண்டும். இதுதான் ராமசுப்ரமணியனின் ஆராய்ச்சி. ‘ஒருத்தர் போனாலும் குடித்தனம் நிக்காது’ என்று அவர் சொன்னபோது டெல்லிக் கூட்டத்தில் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களே இன்று நேரில் பார்க்க வருகிறார்கள். பிடிக்காவிட்டால் திட்டம் மூடல். ஐந்து பாண்டவர்களும் பரீட்சை மார்க் லிஸ்ட் அச்சடிக்க வனவாசம் போவார்கள். கூடவே அவரும் போவார்.

டெல்லிக்காரர்களுக்குத் தசரா என்றால் தசமி மட்டும்தான். அதனால் நவமியன்று வந்து இறங்குகிறார்கள். ஊரெல்லாம் புத்தகத்தையும் ஆயுதத்தையும் நேற்று அஷ்டமி சாயங்காலமே பூஜையில் வைத்துவிட்டுக் கைகட்டி இருக்கிற நாள். ராமசுப்ரமணியனின் மனைவி பாகீரதி காலையிலேயே கேட்டுவிட்டாள். “பூஜையில் வெச்சதைத் தொடப்படாதுன்னா. நீங்க போய் மிஷினைத் தட்டப்போறேளா?”

“அது கவர்ன்மென்ட் சொத்து. நம்ம பூஜையிலே சேராது” என்று சட்டம் பேசிவிட்டு, அவள் இலையில் பொதிந்து தந்த கோயில் சந்தனத்தையும் குங்குமத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வந்து பார்த்தால் பீமன் பட்டாபிஷேகம்.

“தர்மர் ரூமைப் பாத்தியா?” என்றார்.

“பூட்டியிருக்கு சாரே. கண்ணாடி வழியா நோக்கினேன். ஆள் உசிரோட உண்டு.”

ராமசுப்ரமணியனும் போய்ப் பார்த்தார். சொரசொரப்புக் கண்ணாடி போட்ட கதவு. உள்ளே இருப்பது தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். தர்மரின் திரைக்கே உரிய மஞ்சள் கலந்த சிவப்பு, மங்கலாக, சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பெருமூச்சு வந்தது. அண்ணன் உயிரோடு இருக்கையில் தம்பி நாற்காலியில் ஏறினால் அது புரோகிராமின் குற்றம். புரோகிராம் அவருடையது.

டைரக்டர் கோமதிநாயகம் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். திருநெல்வேலிக்காரர், போனையே நம்பாமல் நேரடியாகக் கேட்கும்படி கத்துவார்.

“வே, எல்லாம் ரெடியா?”

“தர்மர் மேலே ஒரு சந்தேகம் சார். உங்க ரூம் சாவி...”

“சாவி வாலாம்பாள்ட்ட இருக்கு. என் மிஷினுக்கு என்னவே கொறை? நேத்து நான் வீட்டுக்குக் கெளம்புத வரைக்கும் ஜம்முன்னு ஓடிச்சு. நீரு ஒம்ம புரோகிராமைப் பாரும். பிளேன் எறங்கிட்டுது, வைக்கேன்!”

வாலாம்பாள் டைரக்டரின் ஸ்டெனோ. ராமசுப்ரமணியனுக்கு அக்ரகாரத்தில் எதிர்வீடு. அவரை அரை டிராயரில் பார்த்தவள் என்பதால் ஆபீசிலும் ‘ஏண்டா ராமு’தான். யோசுவாவை ஸ்கூட்டரில் கோட்டைக்குள் இருந்த அவள் வீட்டுக்கு அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“மாமி நவராத்திரி மண்டபத்துக்குத் தொழப் போயாச்சு சாரே. அங்க உள்ள கூட்டத்தில என் ஸ்கூட்டரையே காணல்லை, பின்னே மாமியை எங்க தேட?”

சரி, தலைவலி தனக்குத்தான் என்று ராமசுப்ரமணியன் பீமன் முன்னால் உட்கார்ந்தார். முதலில் பீமனை அணைத்தார். கெட்ட நினைப்பு போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். அதற்குள் அர்ஜுனன் திரையில், ‘தலைவர்: அர்ஜுனன்.’

“இவனும் கட்சி மாறிட்டான்!”

பீமனை மறுபடி எழுப்பினார். எழுந்த கையோடு அவன் அர்ஜுனனை இறக்கிவிட்டு வெட்கமில்லாமல் தானே ஏறிக்கொண்டான். இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துப் பார்த்தார். நகுலன் ராஜாவானான்.

“அசெம்ப்ளி மாதிரியே இருக்கு சாரே” என்றான் யோசுவா. கேரளத்தில் மந்திரிசபைகள் கவிழ்வதை நிறையப் பார்த்தவன்.

“வாயை மூடு. நான் இதுக்கு ஒரு கடிவாளம் போடறேன்.”

புரோகிராமைத் திறந்து, ‘தர்மரைத் தவிர வேறு யாரும் தலைவராகக் கூடாது’ என்று ஒரு விதியைச் செருகினார். நான்கையும் எழுப்பினார். எல்லாத் திரைகளிலும் எண்கள் ஓடுவது நின்றது. நால்வரும் தர்மரின் ஆணைக்குக் கைகட்டிக் காத்திருந்தார்கள். தர்மரோ வாயே திறக்கவில்லை. காலையில் யார் தலைமையிலாவது கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக ராமசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தபோது, கேட்டில் கார் ஹாரன் கேட்டது.

“வந்துட்டா!” அவர் துள்ளி எழுந்தார். “யோசுவா, நேத்தைய ஃப்ளாப்பியைப் போடு. இன்னிக்கு நான் எழுதினது எல்லாம் நாசமாப் போகட்டும். கணக்காவது ஓடட்டும்!”

யோசுவா நேற்றைய புரோகிராமை ஏற்றினான். எண்கள் ஓடத் தொடங்கின. அடியில் பழைய வரியும் வந்து உட்கார்ந்தது: ‘தலைவர்: பீமன்.’

“இதை டெல்லிக்காரா பாத்தா? ‘தர்மர் தலைவர்’னு எல்லாக் காகிதத்திலேயும் எழுதிக் குடுத்திருக்கேனே!”

யோசுவா தலையைச் சொறிந்தான். “சாரே, இன்னைக்கு நவமியில்லியா? மெஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு வச்சிரலாமே. கறெக்டா அந்த வரிக்க மேலே.”

ராமசுப்ரமணியன் அவனை ஒரு கணம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் போகிற பிள்ளை. பையிலிருந்த இலையைப் பிரித்து, நான்கு திரைகளிலும் தலைவர் பெயருக்கு நேராகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பீமனுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வைத்தார்.

டெல்லிக் குழுவின் தலைவர் பானர்ஜி டைரக்டரோடு உள்ளே வந்தார். நெட்டையான மனிதர், எதையும் நம்பாத மூக்கு. பொட்டு வைத்த திரைகளைப் பார்த்ததும் அந்த மூக்குகூடக் கொஞ்சம் இளகியது. கை கூப்பினார்.

“எங்கள் ஊரிலும் இன்றைக்குப் பூஜைதான்” என்றார் இங்கிலீஷில். “சரி, எது தலைவர்?”

“என் ரூம்ல இருக்கு சார். சாவி என் ஸ்டெனோகிட்ட மாட்டிக்கிட்டு” என்று டைரக்டர் நெளிந்தார்.

“பூட்டியிருக்கிறதா? ரொம்ப நல்லது! யாரும் கைவைக்க முடியாது. வெளியிலிருந்தே அணைக்கலாமா?”

தாழ்வாரத்தில் சுவிட்ச் போர்டு இருந்தது. ஒவ்வொரு யந்திரத்தின் பிளக்குக்கும் ஒரு சுவிட்ச்; பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பானர்ஜி தாமே போய் நின்றார். கதவுக் கண்ணாடியில் செவ்வெளிச்சம் தெரிவதைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்.

“தலைவர் செத்தால் அரை நிமிஷம் தடுமாறி, பிறகு கணக்கு தொடரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை நிமிஷத்தை நான் பார்க்க வேண்டும்.”

சுவிட்சைத் தட்டினார். கண்ணாடியில் வெளிச்சம் அணைந்தது. எல்லாரும் லாபுக்கு ஓடினார்கள்.

எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. தடுமாற்றம் இல்லை, திக்கல் இல்லை. நான்கு திரைகளிலும் ஆற்றுத் தண்ணீர்போலக் கணக்கு போய்க்கொண்டிருந்தது. பானர்ஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிற்கவே இல்லையே! இப்போது யார் தலைவர்?”

ராமசுப்ரமணியன் கைக்குட்டையால் பீமனின் பொட்டைத் துடைத்தார். சந்தன ஈரத்தின் அடியிலிருந்து பெயர் எழுந்து வந்தது.

“பீமன்!” என்று பானர்ஜி சின்னப் பையன்போலக் கூவினார். “அண்ணன் போன மறுநொடியே தம்பி! மிஸ்டர் ராமசுப்ரமணியன், போன தடவை சிரித்தவர்களில் நானும் ஒருவன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் திட்டம் நிற்காது. இன்னும் யந்திரங்கள் கேளுங்கள், தருகிறோம்!”

லாப் அதிர்ந்தது. டைரக்டர் ராமசுப்ரமணியனைக் கட்டிக்கொண்டு, “வே! ஒம்மளை என்னமோன்னு நெனச்சேம்வே!” என்று முதுகில் அடித்தார். குழுவினர் வரிசையாகக் கை குலுக்கினார்கள். பிறகு எல்லாரும் லைப்ரரிக்கு டீ சாப்பிடப் போனார்கள்.

ராமசுப்ரமணியன் போகவில்லை. பீமன் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

“ஜெயிச்சாச்சு சாரே! பின்னே எதுக்கு இந்த முகம்?” என்றான் யோசுவா.

“எங்கேடா ஜெயிச்சோம்? காக்கை உக்காரப் பனம்பழம் விழுந்தது. அவர் சுவிட்சைத் தட்டறதுக்கு முன்னாடியே பீமன்தான் தலைவர். காலம்பரேலேர்ந்து அவன்தான். அண்ணா உசிரோட இருக்கறச்சே சிம்மாசனம் ஏறினானே, அது தப்பான புரோகிராம்! அந்தத் தப்பு இன்னிக்கு நமக்குச் சாதகமா விழுந்துடுத்து. பொட்டு வெச்சு மறைச்சேன், பொட்டைத் துடைச்சுக் கைதட்டல் வாங்கினேன். நான் என்ன ஆராய்ச்சிக்காரனா, மோடி மஸ்தானா?”

“தர்மர் முன்னமே செத்திருந்தா?”

“செத்திருந்தா பீமன் பண்ணினது நூத்துக்கு நூறு சரி. அவனை அணைச்சப்போ அர்ஜுனன் வந்தான், அதுவும் சரி. எல்லாமே சரி. ஆனா தர்மரை நாமதான் கண்ணாலே பார்த்தோமே, வெளிச்சமா!”

அவர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். யோசுவா முதல்முறையாகப் பதறினான்.

“சாரே, எங்க போறிய?”

“லைப்ரரிக்கு. பானர்ஜிகிட்டே உள்ளதைச் சொல்லிடறேன். திட்டம் போனாப் போறது. மார்க் லிஸ்ட் அச்சடிச்சாலும் ராத்திரி தூக்கம் வரணும்.”

“கொஞ்சம் ஆலோசிச்சிட்டு...”

“ஆலோசிச்சா பயம் வந்துடும்.”

விறுவிறுவென்று தாழ்வாரத்தில் நடந்தார். காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதியும் கூடவே நடந்தது. பாதி வழியில் எதிரே வாலாம்பாள் வந்தாள். நவமிக்குக் கட்டிய பட்டுப்புடவை, ஒரு கையில் சுண்டல் தூக்கு, இன்னொரு கையில் சாவிக்கொத்து. டைரக்டர் அறை வாசலில் நின்று, இருண்ட கண்ணாடியைப் பார்த்து முகம் சிவந்தாள்.

“ஏண்டா ராமு! எந்தக் கடன்காரன் என் சரஸ்வதி விளக்கை அணைச்சது?”

“விளக்கா? மாமி, வழியை விடுங்கோ, தலைபோற காரியம். அது விளக்கில்லே, கம்ப்யூட்டர் வெளிச்சம்.”

“கம்ப்யூட்டராவது, வெளிச்சமாவது! நேத்து சாயங்காலம் டைரக்டர் கிளம்பினப்புறம் அந்த மிஷினோட பிளக்கைப் பிடுங்கிட்டுன்னா, பட்டுத்துணி போத்தி, அதே எடத்திலே அம்பாளுக்கு ஜீரோ வாட் பல்பைச் சொருகிட்டுப் போனேன்! பூஜையிலே வெச்ச வஸ்து தசமி வரைக்கும் மூச்சு விடலாமோடா?”