கீவேர்டு சாரின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டு

‘ங்க’ போட்டே ஒரு ஆளை அழவைக்க இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அவர் எங்கள் கீவேர்டு சார். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் நூலகர். என்னைப் போலத் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படித்தவர்களுக்கு, அந்த நூலகத்தின் இணையப் பக்கத்தில் புத்தகமும் கட்டுரையும் தேடுவது எப்படி என்று ஞாயிறுதோறும் ஆன்லைனில் பாடம் எடுத்தார். அவர் கேமராவை வைத்திருந்த லட்சணத்துக்கு, ஒரு வருடமாக நாங்கள் பார்த்தது நெற்றியும் மின்விசிறியும் மட்டும்தான்.

ஞாயிறு பத்து மணிக்கு எந்த வீட்டில் கறி வேகாமல் இருக்கும்? ஒருநாள் யாருடைய மைக்கிலோ குக்கர் விசில் அடித்தது. பாடம் நின்றது.

“ஏனுங்க, அந்தக் குக்கரு எந்த வருசமுங்க படிக்குது? மொத வருசமா, ரெண்டாவதா?”

உடுமலையில் என் வீட்டுக் குக்கர்தான் அது. நான் மெல்ல மைக்கை அணைத்தேன்.

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவரும் எங்களோடு படித்தார். தங்கமான மனிதர். தேடும் கட்டத்தில், ‘ஏனுங்க, பாக்குச் சாகுபடி பத்திப் புஸ்தகம் இருக்குங்களா?’ என்று அடித்துவிட்டுப் பதிலுக்குப் பவ்யமாகக் காத்திருந்தார். மெசினுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது, பாக்கு, சாகுபடி என்று இரண்டு கீவேர்டு போதாதா என்று சார் கால்மணி நேரம் கத்தினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்தது என் முறை. நான் வினாத்தாள் கேள்வியை அப்படியே அடித்திருந்தேன்: ‘கைத்தறி நெசவாளர் நிலையை விரிவாக ஆராய்க, பத்து மதிப்பெண்.’

“மார்க்கையும் சேத்தி அடிச்சுப்போட்டீங்களே அம்மணி” என்றவர், அன்றைக்கு முழுக்க என்னை விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன்.

கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. அது தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் எனக்குச் சொல்லிவைத்திருந்த பள்ளிக்கூட வேலை. கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் லாகினைக் கல்லூரி மூடிவிட்டது. எனக்குத் தேவையான இரண்டு கட்டுரைகள் உள்ளே. நேரில் வரலாமா என்று ஆபீசில் கேட்டேன். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லையாம். அட்டை கொடுக்காததும் அதே ஆபீஸ்தான்! அட்மிஷன் போடும்போது நாங்கள் மாணவர்கள், படிக்கக் கேட்டால் வெளியாட்கள்.

அந்த ஞாயிறு, மொத்தக் கோபத்தையும் சார் மேல் கொட்டினேன்.

“உள்ளயே உடமாட்டீங்கன்னா, எதுக்குங்க சார் எங்களுக்குத் தேடச் சொல்லித் தந்தீங்க?”

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நாயந்தானுங்க அம்மணி” என்றார் கடைசியில்.

பிறகு தன் லாகினில் நுழைந்து, எனக்கு வேண்டிய முதல் கட்டுரையைத் தன் திரையில் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார். நான் படித்துக் குறிப்பெடுத்தேன். “அடுத்த பக்கமுங்க சார்” என்று நான் சொல்லச் சொல்ல அவர் நகர்த்தினார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சார் மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கட்டுரைக்கும் மூன்று மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் ஒரு திட்டு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆய்வேடு தேறியதைச் சொல்லப் போன் செய்தேன். முதலில் அதன் ஒரு பிரதியை அனுப்பச் சொன்னார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“கடைசிப் பக்கத்துப் புஸ்தகப் பட்டியல்ல மூணு தப்புங்க அம்மணி” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் திட்டினார். நடுவில் இரண்டு முறை லைன் கட்டானது. இரண்டு முறையும் நானே திரும்பக் கூப்பிட்டேன்.