டீசல் அண்ணன் அடைகாத்த கதை

உலகத்தில் கோழிக்கு அடுத்தபடியாக அடைகாக்கத் தெரிந்த ஜீவன் எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் டீசல் அண்ணன் ஒருவர்தான். கோழிகூட நடுவில் எழுந்து இரை தின்னப் போகும். அண்ணன் போகமாட்டார்.

தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். படகு எஞ்சின் பழுது பார்ப்பது தொழில். அதனால்தான் அந்தப் பெயரும் அந்த வாசனையும். ஒருநாள், மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஓட்டை போட்டுக் குண்டு பல்பு மாட்டி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, "கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்கப் போறேன் தம்பி" என்றார்.

முதல் தடவை கடை முட்டை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. இருபத்தோரு நாளில் பொரிக்க வேண்டியதற்கு ஒரு மாதம் காத்திருந்தார். சேவல் முகத்தையே பார்க்காத பண்ணைக் கோழியின் முட்டை எப்படிப் பொரிக்கும் என்று கேட்டேன். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்மேல் பாய்ந்தார். அழுகிய முட்டைகளைக் கொட்டியபோது தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாம் தடவை நாட்டு முட்டை. ஆனால் நிமிஷத்துக்கொரு முறை மூடியைத் திறந்து நலம் விசாரித்ததில் சூடு நிற்கவில்லை. அதுவும் ஹிந்தியில் விசாரிப்பார். ஏன் என்று கேட்டால், "பக்கத்து வீடு பெங்காலி, எதுத்த வீடு தெலுங்கு. குஞ்சு வெளிய வந்தா நாலு பேர்ட்ட பேசணும்லா?" என்பார்.

அண்ணன் மனைவியான அக்கா கடைசியாகச் சொல்லிவிட்டார்: "மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சுன்னா பெட்டி மீனுக்குப் போயிரும். பாத்துக்கோங்க."

அண்ணனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வண்டூர் வரை போய், சேவல் இருக்கிற வீடாகப் பார்த்து ஒன்பது முட்டை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, காலை, மதியம், சாயங்காலம் என்று திருப்பினார். பதினெட்டாம் நாளோடு அதையும் நிறுத்தி, "இனி யாரும் அசைக்கப்படாது" என்று வீட்டில் வேகமாக நடக்கவே தடை போட்டார்.

இருபதாம் நாள் காலையில் கரண்ட் போயிற்று. ராத்திரிதான் வருமாம். எதிர்க்கரையில் சாத்தாம் பக்கம் இருக்கும் என் ஆபீஸில் ஜெனரேட்டர் உண்டு. நடுவில் கடல்.

உள்ளே வெந்நீர் பாட்டில்களை வைத்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஃபெர்ரியில் ஏறினார். ஃபெர்ரி இடது பக்கம் சாய்ந்தால் அண்ணன் வலது பக்கம் சாய்ந்தார். "தீரே சலாவோ பாய், மெதுவா" என்று ஓட்டுகிறவரைக் கெஞ்சினார். அவரும் வேகத்தைக் குறைத்தார். அத்தனை பேருக்கும் ஆபீஸுக்கு லேட். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பாதிக் கடலில், பக்கத்திலிருந்த பெங்காலி அம்மாள் பெட்டியில் காது வைத்து, "சுனோ, போல் ரஹா ஹை" என்றார், கேளுங்க, பேசுது என்று. உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். குஞ்சுக்குப் பதில் சொல்ல வாயெடுத்த அண்ணனுக்கு ஹிந்தியெல்லாம் மறந்துபோயிற்று. "வாடா என் ராசா" என்று சொல்லி அழுதுவிட்டார்.

மத்தியானத்துக்குள் என் ஃபைல் அலமாரி ஓரத்தில் ஏழு குஞ்சுகள் வந்துவிட்டன. எங்கள் அதிகாரியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு ஒரு ஃபைலும் நகரவில்லை. சாயங்காலப் படகில் வந்த அக்கா ஒரு குஞ்சைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "அடுத்த தடவ பெரிய பெட்டியா பாருங்க" என்றார்.

இப்போதும் கரண்ட் போனால் எனக்கு என் வீட்டு ஞாபகம் வருவதில்லை. அண்ணன் பெட்டியில் முட்டை இருக்கிறதோ என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.